முதல் விமானம் அசிங்கமா இருக்கணும்

போன தை மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை. ஈரோட்டுக்கு வெளியே நெல் அறுத்து முடிச்ச வயல்ல, காலைல ஆறரை மணிக்கு, வழக்கம் போல நானும் என் ஃபோம் விமானமும். ஒரு கார் வந்து நின்னுச்சு. அப்பாவும் பையனும் இறங்கினாங்க. பையனுக்குப் பதினொண்ணு, பன்னெண்டு வயசிருக்கும். பின்சீட்லருந்து ஒரு பொட்டிய எடுத்தாங்க பாருங்க, டிவி வந்த பொட்டி மாதிரி! உள்ள ரெண்டாம் உலகப்போர் ஸ்பிட்ஃபயர். பச்சையும் பழுப்புமா பெயின்ட், உள்ள குட்டியா ஒரு பைலட் பொம்மை, மடங்கற சக்கரம். எனக்கே ஒரு நிமிஷம் நாக்குல எச்சி ஊறிடுச்சு.

"முன்னாடி ஓட்டியிருக்கீங்களாங்க?"ன்னு கேட்டேன்.

"இல்லீங் சார். யூட்யூப்ல பாத்துட்டோம்."

"வேணும்னா மொத தடவ நான் மேல கொண்டு போய், ட்ரிம் பண்ணித் தரட்டுமாங்க?"

"பையனே பண்ணட்டுங் சார். அவன் பொறந்தநாளுக்கு வாங்குனது."

அதுக்கு மேல நாம என்னத்தச் சொல்ல? அப்பா தூக்கி எறிஞ்சார். பையன் த்ராட்டிலை முழுசாக் குடுத்தான். விமானம் இடது பக்கமாச் சாஞ்சுது. பையன் பயந்து போய் குச்சிய முழுசாத் தன் பக்கம் இழுத்தான். மூக்கு வானத்தப் பாத்துச்சு, ஒரு நொடி அப்படியே நின்னுச்சு, பக்கவாட்டுல கவுந்து நேரா வரப்புல குத்துச்சு. மொத்தம் ஒன்பது செகண்ட் இருக்கும்.

பையன் அழல. அப்பா முகத்தத்தான் பாத்தான். அப்பாவும் திட்டலைங்க. "பதினெட்டாயிரம்"னு ஒரே ஒரு வார்த்த சொன்னார். துண்டு துண்டா பொறுக்கிப் பொட்டில போட்டுக்கிட்டுக் கிளம்பிட்டாங்க. இந்த மாதிரி நான் பாக்கிறது இது மூணாவது தடவ. முந்தின ரெண்டு பேரும் திரும்ப அந்தப் பக்கம் தலை வச்சே படுக்கல. அந்தக் கடுப்புலதான் இதை எழுதறேன்.

என் கட்சி இதுதான். ரிமோட் விமானம் ஓட்டக் கத்துக்க நினைக்கிறவங்க, முதல் விமானத்தை அசிங்கமா வச்சுக்கணும். உடைஞ்சா சிரிக்க முடியணும். பத்து நிமிஷத்துல ஒட்டி மறுபடி மேல அனுப்ப முடியணும். அழகான விமானம் மூணாவதா வரட்டும், நாலாவதா வரட்டும், தப்பில்ல. முதல்ல அது வந்தா கத்துக்கவே விடாது.

ஏன்னு கேளுங்க. காசு போட்ட விமானத்தைக் கைல வச்சிருக்கிறவன் எப்படி ஓட்டுவான்? மெதுவா, தாழ்வா, பக்கத்துலயே. "பறந்து போயிடக் கூடாதே, விழுந்தாலும் உயரத்துலருந்து விழக் கூடாதே"ங்கிற நினைப்பு. இந்த மூணும்தான் விமானத்தைக் கீழ தள்ளற மூணு விஷயம். விமானத்தைத் தாங்கிப் பிடிக்கிறது இறக்கை மேல ஓடற காத்து. வேகம் குறையக் குறைய, உயரத்தக் காப்பாத்த நாம மூக்கை மேல தூக்குவோம். மூக்கு ஒரு அளவுக்கு மேல தூக்கினா காத்து இறக்கையோட மேல்பக்கத்துலருந்து பிரிஞ்சு போயிடும். அதுக்குப் பேர் ஸ்டால். அதுக்கப்புறம் அது விமானம் இல்ல, கல்லு. உயரத்துல இது நடந்தா குச்சிய விட்டுட்டு மூக்கை இறக்கி, வேகம் பிடிச்சு, சாவகாசமா நிமித்தலாம். பத்தடியில நடந்தா வரப்புதான்.

புதுசா ஓட்டறவனோட பயம் கையில ஒரே ஒரு உத்தரவைத்தான் போடும்: "இழு, மேல தூக்கு." அந்தப் பையன் செஞ்சது அதான். எல்லாரும் செய்யறது அதான். நானும் அதான் செஞ்சேன். இந்தக் கையை மாத்த ஒரே வழி நிறைய நேரம் பறக்க விடறது. நிறைய நேரம் பறக்க விட நிறைய தடவ விழணும். நிறைய தடவ விழ, விழறது மலிவா இருக்கணும்.

அதுலயும் ஸ்பிட்ஃபயர் மாதிரி போர் விமானம் புதியவனுக்குச் சுத்தமா ஆகாது. இறக்கை உடம்புக்கு அடில இருக்கும். ஓரம் போகப் போக ஒடுங்கும். வேகம் குறைஞ்சா அந்த ஓரம்தான் முதல்ல ஸ்டால் ஆகும், அதுவும் ரெண்டு பக்கமும் சேர்ந்தாப்புல ஆகாது, ஒரு பக்கம் மட்டும். உடனே கவுத்துடும். போதாக்குறைக்கு எறிஞ்ச உடனே முழு த்ராட்டில் குடுத்தா, ப்ரொப்பெல்லர் ஒரு பக்கம் சுத்தற வேகத்துக்கு உடம்பு எதிர்ப்பக்கம் உருளப் பாக்கும். அந்தப் பையன் மேல தப்பே இல்லைங்க.

இப்ப கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். நான் ஆரம்பிச்சப்ப முதல்ல செஞ்சது மீன் கடை தெர்மாகோல் பொட்டியை அறுத்து ஒரு இறக்கை. அதை ஒட்ட சூப்பர் க்ளூ விட்டேன். புகையோட பள்ளம் விழுந்து, இறக்கையே கரைஞ்சு ஓடிடுச்சு. அவ்வ்வ்வ்! தெர்மாகோல் பாலிஸ்டைரீன், அந்தப் பசை அதைத் தின்னுடும்ங்கிற விஷயம் எனக்கு அன்னிக்குத்தான் தெரியும். அடுத்தது ஃபோட்டோ, பேனர் ஒட்டறாங்களே, அந்த சன் போர்டு. விறைப்பா, அழகா இருந்துச்சு. ஆனா அது பிவிசி, பயங்கர கனம். எறிஞ்சேன், எறிஞ்ச கோணத்துலயே மண்ணுக்குப் போச்சு.

மூணாவதா கிடைச்சதுதான் பேப்பர் ஒட்டின ஃபோம் போர்டு. அஞ்சு மில்லிமீட்டர் கனம், ஸ்கூல் ப்ராஜெக்ட்டுக்கும் ஆர்க்கிடெக்ட் பசங்க மாடல் செய்யறதுக்கும் விக்கிறது. கட்டர்ல பாதி ஆழம் கீறி மடிச்சா இறக்கை. ஹாட் க்ளூ, ஸ்ட்ராப்பிங் டேப். எய்லரானுக்குக் கீல் வேணாம், அந்தப் பேப்பரே கீல். அமெரிக்காவுல ஃப்ளைட் டெஸ்ட்னு ஒரு கோஷ்டி இந்த போர்டுலயே செய்யற மாதிரி விமான வரைபடங்களை இலவசமாப் போடறாங்க. ஏ4 தாள்ல ப்ரின்ட் எடுத்து ஒட்டி வெட்ட வேண்டியதுதான்.

உள்ள வைக்கிற சாமான் எல்லாம் பொதுச் சாமான். ஒரு பிரஷ்லெஸ் மோட்டார், அதோட வேகத்தைக் கட்டுப்படுத்த ஒரு முப்பது ஆம்ப் இஎஸ்சி, ஒன்பது கிராம் செர்வோ ரெண்டோ மூணோ, 11.1 வோல்ட் லிப்போ பேட்டரி, ரேடியோ. சைக்கிள் ஸ்போக் கம்பிதான் புஷ்ராட். இறக்கையை உடம்போட ஒட்டக் கூடாது, மூங்கில் குச்சி ரெண்டு சொருகி ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டணும். விழும்போது ரப்பர் விட்டுக் குடுக்கும், இறக்கை தனியாப் பறந்து போய் விழும், உடையாது. ஃபோம் செத்தாலும் உள்ள இருக்கிற சாமான் பொழைச்சுக்கும். அதைக் கழட்டி அடுத்த உடம்புல மாட்டிக்கலாம். ஆத்மா அழியாது, உடம்புதான் சட்டை மாதிரின்னு பெரியவங்க சொன்னது எனக்கு ஹாட் க்ளூ கன் கைல இருக்கும்போதுதான் புரிஞ்சது :-)

பால்சா மரம் வச்சு செய்யற பெருசுங்க நம்மளப் பாத்து கொஞ்சம் மூக்கைச் சுளிப்பாங்க. அவங்க பொறுமைக்கு என் கும்பிடு. ஆனா அது ராத்திரி ராத்திரியா மாசக்கணக்குல செஞ்சு, ஒரு காலைல உடையறது. ஃபோம் உடைஞ்சா காபி ஆறதுக்குள்ள ஒட்டிடலாம்.

இதுக்கு ஒரு பழைய கதை உண்டு, சொல்லாம விட மனசில்ல. 1903ல அமெரிக்காவுல சாமுவேல் லாங்லின்னு பெரிய விஞ்ஞானி. ராணுவம் குடுத்த ஐம்பதாயிரம் டாலர்ல பிரமாதமா ஒரு விமானம் கட்டினார். ஆனா அதை ஓட்ட உக்காந்தவருக்கு வானத்துல பழக்கமே கிடையாது. அக்டோபர் 7, டிசம்பர் 8ன்னு ரெண்டு தடவ போட்டோமாக் ஆத்துல விழுந்துச்சு. இன்னொரு பக்கம் சைக்கிள் கடை வச்சிருந்த ரைட் சகோதரர்கள். 1902ல கிட்டி ஹாக் மணல்ல, இன்ஜினே இல்லாத கிளைடர்ல எழுநூறுலருந்து ஆயிரம் தடவை வரைக்கும் சறுக்கிச் சறுக்கிப் பழகினாங்க. லாங்லி ரெண்டாந்தடவ ஆத்துல விழுந்த ஒன்பதாவது நாள், டிசம்பர் 17, அவங்க பறந்துட்டாங்க. விமானம் செய்யறதோட அதை ஓட்டப் பழகறதும் தனி வேலைன்னு அவங்களுக்குப் புரிஞ்சிருந்துச்சு. நம்ம ஸ்பிட்ஃபயர் அப்பாவுக்கு இதைச் சொல்லியிருக்கணும். அப்ப வாய் வரல.

சரி, பழகறதுன்னா என்ன பழகறது? பெரிய விஷயம் இடம் வலம் மாறறது. விமானம் உங்களை விட்டுப் போகும்போது குச்சிய வலது தள்ளினா வலது போகும். திரும்பி உங்களைப் பாத்து வரும்போது அதே குச்சி உங்க கண்ணுக்கு இடது பக்கம் போகும். மூளைக்குத் தெரிஞ்சாலும் கட்டை விரலுக்குத் தெரியாது. இதுக்கு எல்லாரும் சொல்ற ஒரு குறுக்கு வழி: உங்களைப் பாத்து வரும்போது எந்த இறக்கை தாழுதோ, அந்தப் பக்கமே குச்சியைத் தள்ளுங்க. தாழ்ற இறக்கைக்குக் கீழ ஒரு முட்டுக் குடுக்கிறதா நினைச்சுக்கங்க. நாலு ஞாயித்துக்கிழமைல விரல் தானாப் படிச்சுடும்.

அதுக்கும் முன்னாடி கம்ப்யூட்டர்ல சிமுலேட்டர். பிகாசிம் இலவசமாவே கிடைக்குது. ஆணி புடுங்கற நேரம் போக ராத்திரி அரை மணி, ரெண்டு வாரம். அங்க நூறு தடவ விழுந்தாலும் காசில்ல. ஆனா சிமுலேட்டர்ல முழங்கால் நடுங்காது. நடுக்கத்தோட ஓட்டப் பழக நிஜ வயலுக்குத்தான் போகணும்.

"இப்பல்லாம் கைரோ வச்ச விமானம் வருதே, கையை விட்டா தானா நேராயிடுமே?"ன்னு கேப்பீங்க. நண்பர் ஒருத்தர் இதை வச்சு என்கிட்ட ஒரு மணி நேரம் சண்டை போட்டார். அவர் சொல்றதுல நியாயம் இருக்கு, முதல் நாள் உடையறது குறையும். ஆனா நான் பாத்த வரைக்கும், கைரோவுலயே ஆரம்பிச்சவங்க அதை அணைச்ச அன்னிக்கு மறுபடி முதல் நாளுக்குத்தான் வர்றாங்க. வச்சுக்கங்க, ஆனா நல்ல உயரத்துல போய் அதை அணைச்சுப் பழகுங்க. அதைவிட எனக்குப் பிடிச்சது பழைய வழி: இறக்கை உடம்புக்கு மேல இருக்கட்டும், ரெண்டு பக்கமும் லேசா 'வி' மாதிரி தூக்கி இருக்கட்டும். ரட்டர், எலிவேட்டர், த்ராட்டில் மூணு மட்டும் போதும். சாஞ்சா இறக்கையோட அந்த வடிவமே அதை மெல்ல நிமித்தும். அதுவும் கைரோதான், என்ன, பேட்டரி வேணாம்.

எறியறதுக்கு முன்னாடி எடை சமமாகற புள்ளியைப் பாக்காம எறியாதீங்க. இறக்கையோட முன் விளிம்புலருந்து, அகலத்துல கால்வாசிக்கும் மூணுல ஒரு பங்குக்கும் நடுவுல ரெண்டு விரலால தூக்கினா சமமா நிக்கணும். மூக்கு கனமா இருந்தா மோசமாப் பறக்கும், வால் கனமா இருந்தா ஒரே ஒரு தடவதான் பறக்கும்னு இந்த வட்டாரத்துல சொல்வாங்க. பேட்டரியை முன்ன பின்ன நகர்த்தினாலே சரியாயிடும். அப்படியே எய்லரான், எலிவேட்டர் எந்தப் பக்கம் அசையுதுன்னும் பாத்துடுங்க. தலைகீழா மாட்டி எறிஞ்ச மகானுபாவன் நான்.

மலிவு, உடையட்டும்னெல்லாம் சொல்றேனே தவிர, அது ஃபோமுக்கு மட்டும்தான். ஒரு தடவ வீட்டுக்குள்ள, ப்ரொப்பெல்லரைக் கழட்டாம பேட்டரியைச் சொருகினேன். ரேடியோல த்ராட்டில் குச்சி மேல இருந்திருக்கு. இடது ஆள்காட்டி விரல்ல நாலு தையல். டாக்டர் "மிக்ஸியாங்க?"ன்னு கேட்டார், "விமானங்க"ன்னேன், நர்ஸம்மா திரும்பிப் பாத்தாங்க. அதுலருந்து வீட்ல மோட்டாரைச் சோதிக்கணும்னா ப்ரொப்பெல்லர் இருக்காது. லிப்போ பேட்டரியும் அப்படித்தான், ஊதிப் போனதையோ அடிபட்டதையோ சார்ஜ் போடாதீங்க, போட்டுட்டுத் தூங்கப் போகாதீங்க. எரிய ஆரம்பிச்சா அணைக்கிறது கஷ்டம்.

முக்கால் கிலோ சாமான் ஒரு மோட்டார் சைக்கிள் வேகத்துல வர்றப்ப ஆள் மேல பட்டா என்ன ஆகும்னு நான் விளக்க வேண்டியதில்ல. ஆள் இருக்கிற பக்கம், ரோடு பக்கம், மாடு கட்டியிருக்கிற பக்கம் திருப்பவே கூடாது. அந்தப் பக்கம் போகுதுன்னு தெரிஞ்சா, நீங்களே த்ராட்டிலைப் பூஜ்யத்துக்கு இறக்கி வயல்ல தள்ளிடுங்க. இங்கதான் அசிங்கமான விமானத்தோட அருமை தெரியும். பதினெட்டாயிரத்தைத் தன் கையால தள்ள யாருக்குங்க மனசு வரும்? காப்பாத்திடலாம்னு பாப்பான், அந்த ரெண்டு செகண்ட்ல ரோட்டைத் தாண்டிடும். முந்நூறு ரூபா போர்டைத் தள்ள எனக்கு யோசனையே வராது. ரெண்டு தடவ தள்ளியிருக்கேன்.

சட்டமும் இருக்கு. 2021 ஆகஸ்ட்ல வந்த ட்ரோன் விதிகள் இந்த ஃபோம் விமானத்தையும் சேத்துத்தான் பேசுது. ரெண்டு கிலோ வரைக்கும், வியாபாரமில்லாம ஓட்டினா பைலட் லைசென்ஸ் வேணாம். ஆனா எங்க ஓட்டறோம்ங்கிறதுக்குச் சிவப்பு, மஞ்சள், பச்சைன்னு வரைபடம் உண்டு. பச்சையில 400 அடி வரைக்கும். விமான நிலையத்தைச் சுத்தி 12 கிலோமீட்டருக்கு மஞ்சள் வரும், அங்க அனுமதி சமாச்சாரம் இருக்கு. சென்னை, கோவை, திருச்சிக்காரங்க இதைப் படிச்சுப் பாக்காம எறங்காதீங்க. நமக்கு 400 அடியெல்லாம் தேவையே இல்ல, 150 அடிக்கு மேல போனா எந்தப் பக்கம் மூக்குன்னே எனக்குத் தெரியறதில்ல.

காத்து பத்தி எங்க ஊர்க்காரங்களுக்குச் சொல்ல வேண்டாம். ஆனி, ஆடில பாலக்காட்டுக் கணவாய் வழியா வர்ற காத்துக்கு அம்மியே பறக்கும்னா ஃபோம் எந்த மூலைக்கு? அந்த ரெண்டு மாசம் வீட்ல உக்காந்து ஒட்டற வேலையைப் பாருங்க. மார்கழி, தை காலைல ஆறரைலருந்து எட்டு வரைக்கும் இலை அசையாது. அதான் நம்ம நேரம்.

வயக்காரர்கிட்ட முதல்லயே கேட்டுக்கங்க. எங்க வயக்காரருக்கு எழுபது வயசு. முத நாள் வந்து ரொம்ப நேரம் பாத்துட்டு, "ஏனுங் தம்பி, இது மருந்தடிக்கிற ட்ரோனுங்களா?"ன்னார். "இல்லீங்கய்யா, சும்மா பறக்கிறதுக்குங்க"ன்னேன். "அப்பறம் எதுக்குங்?"னு கேட்டார். இன்னிக்கு வரைக்கும் பதில் இல்ல.

அந்த ஸ்பிட்ஃபயர் அப்பா என்ன ஆனார்னு சொல்லல இல்ல? மூணு வாரம் கழிச்சு அதே வயலுக்கு வந்தார், பையன் இல்லாம. "சார், அவன் அந்தப் பொட்டியக் கட்டிலுக்கு அடில தள்ளிட்டான். தொடவே மாட்டேங்கிறான்"னார். அடுத்த ஞாயிறு என் வீட்டு மாடில மூணு பேரும் உக்காந்தோம். உடைஞ்ச ஸ்பிட்ஃபயர்லருந்து மோட்டார், இஎஸ்சி, செர்வோ எல்லாத்தையும் கழட்டினோம், எல்லாமே நல்லா இருந்துச்சு. ரெண்டு ஃபோம் போர்டுல ஒரு மொட்டை விமானம் கட்டினோம். கோணல்மாணலா, மூக்குல தேங்காய் எண்ணெய் டப்பா மூடியோட, சத்தியமா அவ்வளவு அசிங்கமா ஒண்ணை நான் பாத்ததில்ல. மொத எறியல்ல இருபது செகண்ட். மூக்கு நசுங்கிடுச்சு. பையன் அப்பாவைத் திரும்பிப் பாத்தான். அப்பா டேப்பைக் கிழிச்சுக்கிட்டிருந்தார்.

இப்ப அந்தப் பையன் ஒவ்வொரு தடவ விழும்போதும் விமானத்தோட வால்ல மார்க்கர்ல ஒரு கோடு போடறான். போன வாரம் எண்ணினேன், பதினேழு. அன்னிக்கு முழு பேட்டரி தீர்ற வரைக்கும், ஏழு நிமிஷம், ஒரு கோடும் இல்லாம ஓட்டினான். எட்டாவது நிமிஷம் எறக்கும்போது வரப்புல முட்டி பதினெட்டு.

டிஸ்கி: கடைல வாங்கின ஃபோம் விமானத்தோட மூக்கு நசுங்கினா கொதிக்கிற தண்ணி ஊத்துங்க, ஓரளவுக்கு உப்பி வந்துடும். ஆனா தங்கமணி ரசம் வைக்கிற பாத்திரத்துல ஊத்தி எடுத்தா என்ன ஆகும்ங்கிறதை இங்க எழுத முடியாது.